இசைத்தட்டில் நான் கத்திய இடம்

1

முகவரி தெரிய ஜன்னல் வைத்த ஆபீஸ் கடித உறை எது வந்தாலும் நான் உடனே பிரிப்பதில்லை. முதலில் ஃப்ரீசரில் வைப்பேன். நார்வேக்கு வந்த இருபத்து நான்கு வருடங்களாக இதுதான் வழக்கம். ஒரு நாள் முழுக்க மீனுக்குப் பக்கத்தில் கிடந்தால் கடிதத்தின் சூடு கொஞ்சம் தணியும் என்று ஒரு நம்பிக்கை. தணிந்ததே இல்லை. குடியுரிமை கிடைத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. இன்னமும் நூலகத்திலிருந்து கடிதம் வந்தால்கூட, என்னைக் கப்பலேற்றத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றே படும்.

"கடுதாசி பழுதாப் போகாதப்பா. ஏன் அதை ஐஸுக்குள்ள வைக்கிறியள்?" என்பாள் மனைவி ரஜனி. அவள் யாழ்ப்பாணத்துக்காரி, பத்து வயதில் இங்கே வந்தவள். நான் பழவேற்காடு, லைட்ஹவுஸ் குப்பம். ஒரு சரக்குக் கப்பலில் சமையல் உதவியாளாக வந்தேன். கப்பல் பழுதாகி இந்தத் துறைமுகத்தில் இரண்டு மாதம் நின்றது. நான் அப்படியே நின்றுவிட்டேன். கல்யாணமான புதிதில் அவள் பேசுவது எனக்குப் பாதி புரியாது, நான் பேசுவது அவளுக்கு முக்கால்வாசி புரியாது. எங்கள் இல்லறம் சிறந்ததற்கு அதுதான் காரணம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். அவள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் வந்த உறையையும் ஃப்ரீசரில்தான் வைத்தேன். மறுநாள் ஃபேக்டரியில் சால்மன் அறுத்துவிட்டு வந்து, ஐஸைத் தட்டிவிட்டுப் பிரித்தேன். இசைத்தட்டு போடும் ஒரு சின்ன கம்பெனி அனுப்பிய படிவம். தலைப்பு: 'பங்களிப்பாளரின் ஒப்புதல்'. பெயர், பிறந்த தேதியோடு கூடிய அடையாள எண், முகவரி. அதன்கீழே, 'கருவி அல்லது பங்கு' என்று ஒரு வெற்றுக் கோடு. அதற்கும் கீழே இரண்டு கட்டம். 'என் குரல் வெளியாவதை ஒப்புக்கொள்கிறேன்.' 'ஒப்புக்கொள்ளவில்லை.' வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

நான் பாடகன் இல்லை. எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது. ஒரே ஒரு தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் மகள் வாசித்த கச்சேரியின் நடுவில் கத்தினேன். அது பதிவாகிவிட்டது.

2

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜாஸ் பிடிக்காது. இதை எழுதி முடிக்கும்போது பிடித்துவிடும் என்று எதிர்பார்த்துப் படிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மகள் நிலானிக்கு இருபத்தொரு வயது. சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில் வயலின் வாசித்தாள். நாங்களும் கைதட்டினோம். பிறகு வயலின் வளர்ந்தது. நின்றுகொண்டு கட்டிப்பிடித்து வாசிக்கிற டபுள் பாஸ் என்ற வாத்தியம் வீட்டுக்குள் வந்தது. பீரோ அளவுக்கு இருக்கும். எங்கள் ஃபிளாட்டில் அதற்கு ஓர் அறை கிடைத்தது, எனக்கு சோஃபா கிடைத்தது. பத்தொன்பது வயதில் அதையும் தூக்கிக்கொண்டு தனியாகப் போனாள். அறை காலியானது. நான் இன்னும் சோஃபாவில்தான் படுக்கிறேன், முதுகு பழகிவிட்டது.

அவள் சேர்ந்த குழுவில் நான்கு பேர். சாக்ஸபோன், பியானோ, டிரம்ஸ், இவள். சாக்ஸபோன்காரன் ஹென்ரிக்தான் தலைவன். நாற்பது வயது, அழகான தாடி, எப்போதும் மெதுவான குரல். மெதுவாகப் பேசுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. குப்பத்தில் மெதுவாகப் பேசுகிறவன் ஒன்று நோயாளி, இல்லை எதையோ அமுக்குகிறவன்.

அவர்கள் வாசிப்பது எல்லாம் பழைய அமெரிக்கப் பாட்டுகள். உலகத்தில் ஜாஸ் வாசிக்கிற அத்தனை பேரும் வாசித்து வாசித்துத் தேய்ந்த மெட்டுகள். பாட்டை முதலில் ஒழுங்காக ஒரு தடவை வாசிப்பார்கள். பிறகு அதை ஆளாளுக்குப் பிரித்துப் போட்டு மேய்வார்கள். ஒருவர் மேயும்போது மற்றவர்கள் கீழே தாங்கிப் பிடிப்பார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாட்டைத் திரும்ப மாட்டி மூடுவார்கள். முதல் கச்சேரியில் எனக்குத் தலைவலி வந்தது. இரண்டாவது கச்சேரியில் பொழுது போகாமல் எண்ண ஆரம்பித்தேன். ஒவ்வொரு சுற்றும் ஒரே நீளம், முப்பத்திரண்டு தாளக்கட்டு. ஒருவருக்கு இத்தனை சுற்று, அடுத்தவருக்கு இத்தனை சுற்று.

அட, இது நம்ம பாடு முறையாச்சே என்று தோன்றியது. அன்றைக்குப் பிடித்தது சனி.

ஏரிக்கரைக்கு வராதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். கடலில் யாரும் எங்கேயும் வலை போடலாம். பழவேற்காட்டு ஏரியில் அப்படி முடியாது. முகத்துவாரத்துக்கு உள்ளே இறால் ஏறி வரும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை விரிப்பது என்று முறை வைப்பார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். முறை முடிந்தும் ஒருவன் இடத்தை விடாமல் நின்றால், அடுத்த முறைக்காரன் வாய்ச்சண்டை போட மாட்டான். உள்ளங்கையால் தன் படகின் விளிம்பில் மூன்று தட்டு தட்டுவான். "வலையத் தூக்குடா!" என்று ஒரே ஒரு கத்தல். கேட்டவன் யாராக இருந்தாலும் தூக்க வேண்டும். தட்டியவன் மேல் தப்பே இருந்தாலும் முதலில் தூக்கிவிட்டு, பிறகு கரைக்கு வந்துதான் பேச வேண்டும். தண்ணீரில் நின்று வழக்குப் பேசக்கூடாது. தட்டாமல் திரும்பிப் போனால் அந்த முறையை நீயே விட்டுக்கொடுத்ததாக அர்த்தம்.

மூன்று கச்சேரி எண்ணினேன். ஹென்ரிக்குக்கு ஒவ்வொரு பாட்டிலும் மூன்று சுற்று, நான்கு சுற்று. பியானோவுக்கு இரண்டு. டிரம்ஸுக்கு அவ்வப்போது ஒன்று. என் மகளுக்கு ஒன்றுமில்லை. பீரோவைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள் மேய்வதற்குத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

3

பதிவு நடந்த இடம் துறைமுகத்தில் ஒரு பழைய வலைக் கிடங்கு. இப்போது அதைக் கச்சேரி மண்டபமாக்கி, மெழுகுவத்தி வைத்த சின்னச் சின்ன மர மேசைகளைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் சுவரில் தார் வாசனை போகவில்லை. உள்ளே நுழைந்ததுமே என் மூக்கு எங்கேயோ போய்விட்டது. வேறு இடத்தில் வைத்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது என்று இன்றைக்கும் ரஜனியிடம் வாதாடுகிறேன்.

ஏழு பாட்டு. ஆட்கள் முன்னால் நேரடியாக வாசித்து அதையே இசைத்தட்டாகப் போடுவதாக ஏற்பாடு. பிசகினால் மறுபடி வாசிப்பது கிடையாது. நிலானிக்கு இது முதல் இசைத்தட்டு. ஒலிப்பதிவுக்காரர் வந்து, கைதட்டலாம், வேறு சத்தம் எதுவும் கூடாது, கண்ணாடி டம்ளரைக்கூட மெதுவாக வைக்கவும் என்று கேட்டுக்கொண்டார். நார்வேக்காரர்களிடம் இதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் பதினோரு வருடமாக என்னிடம் பேசியதே தலையசைப்பில்தான்.

"நைனா, வாய் திறக்கக்கூடாது," என்றாள் நிலானி. குப்பத்திலிருந்து அவள் எடுத்துக்கொண்ட ஒரே சொல் அந்த நைனாதான். மிச்சத் தமிழ் முழுக்க அவள் அம்மாவுடையது.

"நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கப் போறேன்?"

"அம்மா, இவருக்கு வாய்க்குள்ள ஏதும் போட்டு விடுங்கோ."

ரஜனி இருமல் மிட்டாய் ஒன்றைப் போட்டுவிட்டாள். ஐந்து பாட்டு வரை நான் அதை நல்ல பிள்ளையாகச் சப்பிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது பாட்டு. ஏதோ நிலா, ஏதோ மனக்கஷ்டம். பியானோ இரண்டு சுற்று முடித்தது. ஹென்ரிக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று சுற்று ஊதினான். மூன்றின் முடிவில் நிலானி தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் வலையைத் தோளில் வைத்துக்கொண்டு, முன்னால் நிற்பவன் எப்போது விலகுவான் என்று பார்க்கிற பார்வை. ஹென்ரிக் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு நாலாவது சுற்றுக்குள் இறங்கினான்.

பிறகு நடந்ததில் எனக்குப் பங்கில்லை என்று சொல்லத்தான் ஆசை. என் உள்ளங்கை மேசை விளிம்பில் மூன்று தட்டு தட்டியது. மிட்டாய் வாயிலிருந்து தெறித்தது.

"ஏய்! வலையத் தூக்குடா!"

சாக்ஸபோன் நின்றது. அந்த மண்டபமே ஒரு மொத்தத் தலையாகத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் வீரமாக நின்றிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? எழுந்து ஓடினேன். வாசலுக்கு ஓடியதாக நினைத்து, கோட்டு மாட்டும் அறைக்குள் ஓடினேன். நூறு ஈரக் கோட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, போலீஸ் வந்தால் என்ன சொல்வது என்று நார்வேஜிய மொழியில் ஒத்திகை பார்த்தேன். அந்தக் கோட்டுகளைத் தாண்டி, மண்டபத்துக்குள் என்ன நடந்தது என்று ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் கழித்தோ கோட்டுகளை விலக்கிக்கொண்டு ஹென்ரிக்கின் தாடி வந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். ஃபேக்டரியில் யாருக்காவது பிறந்தநாள் கேக் வெட்டும்போது சொல்கிற வார்த்தைதான் வந்தது.

"வாழ்த்துகள்!" என்றேன்.

அவன் தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனான். பின்னால் ரஜனி நின்றாள்.

"உங்களுக்கு விசரே?" என்றாள். "பிள்ளை அங்க நடுங்கிக்கொண்டு நிக்குது."

4

மூன்று வாரம் நிலானி என்னிடம் பேசவில்லை. அம்மாவோடு போனில் பேசும்போது நான் இருமினால் வைத்துவிடுவாள்.

இந்தக் கூத்தை ஊருக்குச் சொல்ல எனக்கு இருப்பது அண்ணன் தேசப்பன் ஒருவன்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவன், இன்னும் ஏரியில் இறங்குகிறவன். வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு தடவை பேசுவோம். இரண்டு பேருமே வானிலை பற்றித்தான் பேசுவோம். அவனிடம் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது.

எனக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு வருடம் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனேன். திரும்பி வந்ததும் அண்ணன் சொன்னான்: "உன் பேரு சீட்டுல அப்டியே கீதுடா. ஊர்ல இல்லாத நாளு உன் முறையயும் நான் பாத்துக்கினேன். உன் நாளு வரும், எறங்கிக்கோ." என் நாள் வந்தது. விடிந்ததும் படகை எடுத்துக்கொண்டு போனால், என் இடத்தில் அவன் வலை கிடக்கிறது. வெயில் ஏறுகிறது, இறால் வரத்து நன்றாக இருக்கிறது, அவன் தூக்குகிற மாதிரி இல்லை. சுற்றிலும் நாலைந்து படகு. எல்லோரும் என் கையைத்தான் பார்க்கிறார்கள். கையைத் தூக்கினேன். படகு விளிம்புக்கு ஒரு ஜாண் மேலே கை நின்றது.

பிறகு வாய் முந்திக்கொண்டது. "இன்னா பண்றது? எறா அண்ணனத்தான் கட்டிக்குவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிது!" என்றேன். ஏரியே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே படகைத் திருப்பினேன். ஜோக் குப்பத்தில் ரெண்டு நாள் ஓடியது. அடுத்த சீட்டில் என் பெயர் இல்லை. தட்டாதவன் விட்டுக்கொடுத்தவன், அதுதான் சட்டம். ஆறு மாதத்தில் கப்பலேறினேன்.

பழவேற்காட்டை நினைத்து நீ ஏங்குகிறாயா என்று கேட்கிறார்கள். இங்கே ஒரு தமிழ்ச் சங்கத்தில் பூநாரைகளைப் பற்றிப் பேசச் சொல்லி மேடையேற்றினார்கள். அவை அழகாக இருக்கும், நாறும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நான் ஏங்கவில்லை. அந்த ஒரு ஜாண் இடைவெளிதான் இத்தனை வருடமாகக் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் இந்தக் கதையை நான் வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தேன். பெருந்தன்மையாக அண்ணனுக்குத் தானம் கொடுத்துவிட்டு வந்ததாக. எறா கல்யாண ஜோக்கையும் சேர்த்துச் சொல்வேன். நிலானி சின்ன வயதில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

5

படிவம் வந்த மூன்றாம் நாள் ஹென்ரிக் வீட்டுக்கே வந்தான். இலவங்கப்பட்டை தூவிய பன் நான்கு வாங்கி வந்திருந்தான். நான் கதவைத் திறப்பதற்கு முன் உள்ளூர நாடுகடத்தப்பட்டு, சென்னையில் இறங்கி, பழவேற்காடு பஸ்ஸுக்கே நின்றுவிட்டேன்.

"உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான் நேரில் வந்தேன்," என்றான், அந்த மெதுவான குரலில். "படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். இசைத்தட்டு கம்பெனியை நடத்தும் அம்மாளுக்கு அன்று நடந்ததை அப்படியே வைக்க ஆசை. எனக்கு உங்கள் மரியாதை முக்கியம். இரண்டாவது கட்டத்தில் ஒரு டிக் போடுங்கள், போதும். வெட்டிவிடுவோம்."

இவ்வளவு சுலபமா? பேனாவைத் தேடி எழுந்தே விட்டேன். சும்மா கேட்டுவைப்போம் என்று கேட்டேன்.

"என் கத்தல் மூன்று விநாடி இருக்குமா?"

"மூன்று விநாடியை மட்டும் வெட்ட முடியாது. சத்தம் இசைமேல் ஏறியிருக்கிறது. அங்கிருந்து பாட்டு திரும்ப ஆரம்பிக்கும் வரை எடுக்க வேண்டும். இரண்டு நிமிடம் பத்து விநாடி."

"அவ்வளவு நேரம் நான் கத்தவில்லையே. அதில் யார் வாசிக்கிறார்கள்?"

ஹென்ரிக் பன்னைப் பார்த்தான்.

"பாஸ்," என்றான்.

"யார், நிலானியா?"

"நீங்கள் வெளியே போய்விட்டீர்கள். நான் நிறுத்திவிட்டேன், அவள் தொடர்ந்தாள். திட்டமிடாதது. கொஞ்சம் தடுமாற்றம் இருக்கிறது. முந்தின நாள் ஒத்திகையில் நான் வாசித்த நாலாவது சுற்று சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. அதை அந்த இடத்தில் ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது."

பேனாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை, தேடி அனுப்புகிறேன் என்று சொல்லி அவனை வழியனுப்பினேன். பேனா என் சட்டைப் பையில் இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டேதான் போனான்.

மறுநாள் ஃபேக்டரி பஸ்ஸில், படிவத்தில் கொடுத்திருந்த இணைப்பிலிருந்து பதிவைப் போனில் எடுத்துக் காதில் மாட்டினேன். என் கத்தலைக் கேட்டதும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டதோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு ஒன்றுமில்லை. டிரம்ஸில் பிரஷ் தடவுகிற சத்தம். அதன் கீழே நான்கு ஸ்வரம், ஏறி இறங்கி, திரும்பவும் அதே நான்கு. கலங்கல் தண்ணீரில் கோலை ஊன்றித் தரையைத் தேடுகிற மாதிரி இருந்தது. எட்டவில்லை, எட்டவில்லை, வேறு பக்கம் குத்திப் பார்க்கிறாள். பிறகு ஓரிடத்தில் கோல் ஊன்றிக்கொண்டது. அங்கிருந்து அவள் யாரையும் தாங்காமல் தன் போக்கில் போனாள். இசை எனக்குப் புரியவில்லை. தரை கிடைத்தது மட்டும் புரிந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

6

வியாழக்கிழமை சாயங்காலம் நிலானி வந்தாள். என்னைப் பார்க்க இல்லை, அம்மாவின் தையல் மெஷினை எடுக்க. நான் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடிக்கு அடியில், பார்வையில் படும்படி வைத்திருந்தேன்.

"அம்மா, அதில அவரைக் கையெழுத்து வைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"நான் இங்கதாம்மா கீறேன். என்னாண்டயே சொல்லு."

அவள் திரும்பினாள். மூன்று வாரத்துக் கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

"நைனா, அது என்ர முறை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நீ அவன நிமிர்ந்து பாத்த. நான் பாத்தேன்."

"அவன் முடிக்கப் போறானோ, இன்னும் ஊதப் போறானோ எண்டு பாத்தனான்! முடிச்சா எல்லாரும் பாட்டுக்குத் திரும்ப வேணும். எனக்கு அங்க சோலோவே இல்லை. ஏழு பாட்டிலயும் இல்லை."

"கேட்டியா?"

"எட்டு மாசமாக் கேட்டன். உன்ர நேரம் வரும் எண்டு சொன்னவன்."

அந்த வாக்கியத்தை எனக்கு ஏற்கெனவே ஒருத்தன் சொல்லியிருக்கிறான். அதை ஜோக்காக மாற்ற வாய் பழக்கத்தில் தயாரானது. நல்லவேளை, எதுவும் அகப்படவில்லை.

"நீங்க கத்தினதும் அவன் நிப்பாட்டிட்டான். பியானோவும் நிண்டுட்டுது. நான் பயத்தில கையை நிப்பாட்டேல்ல, அவ்வளவுதான். அதுக்குப் பேர் சோலோ இல்லை. என்ர அப்பா கத்திக் குடுத்ததை நான் என்ர தட்டில வச்சிருக்க மாட்டன். வெட்டட்டும்."

அப்போதுதான் அந்த ஏரிக் கதையை முதல் தடவையாக உள்ளபடி சொன்னேன். தானம் இல்லை, பயம் என்று. கை ஒரு ஜாண் மேலே நின்றது என்று. ரஜனி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள்.

நிலானி இரக்கப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப பெரியப்பாவிட்ட கத்த வேண்டியதை, இருபத்தஞ்சு வருசம் கழிச்சு என்ர ரெக்கார்டிங்கில வந்தா கத்துறது?"

எங்கள் குடும்பத்தில் யாரும் இவ்வளவு குறி தவறாமல் அடித்ததில்லை.

"சரி," என்றேன். "நீ சொன்னா ரெண்டாவது கட்டத்துலயே டிக் போட்றேன். ஆனா அந்த எடத்துல அவனோட ஒத்திகைப் பதிவ ஒட்டப் போறானாம். அது உனக்குத் தெரியுமா?"

"எந்த இடத்தில?"

"உன் ரெண்டு நிமிஷத்துல. நாலாவது சுத்து. முந்தின நாளு வாசிச்சது. யாருக்கும் தெரியாதுன்னான்."

தையல் மெஷின் மேசைமேல் இறங்கியது.

"அது லைவ் ரெக்கார்டிங். அட்டையில லைவ் எண்டு போடுறான்," என்றாள். உப்பு ஜாடியைத் தள்ளிவிட்டுப் படிவத்தை இழுத்துப் பார்த்தாள். "என்னட்ட வெறுமனே வெட்டுறன் எண்டுதான் சொன்னவன்."

என் போனை எடுத்து, காதில் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். அவள் இதுவரை அதைக் கேட்டிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என் கத்தல் வந்த இடத்தில் முகத்தைச் சுளித்தாள். பிறகு இடது கை விரல்கள் தொடையில் நகர ஆரம்பித்தன. முடிந்ததும் இன்னொரு தடவை கேட்டாள்.

"நடுவில ரெண்டு இடம் பிழை," என்றாள் கடைசியாக.

"அப்போ?"

"பிழையெண்டாலும் என்ர பிழை. முதலாவது கட்டத்தில போடுங்கோ."

பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். டிக் ஒரு தூண்டில் முள் மாதிரி வளைந்தது. 'கருவி அல்லது பங்கு' என்ற கோட்டில் வந்து நின்றேன். குரல் என்று எழுதினால் பாடகன் என்று நினைத்துக்கொள்வார்களோ, அதற்குத் தனியாக லைசென்ஸ் கேட்பார்களோ?

"இன்னா எழுதறது?"

"மேசை எண்டு எழுதுங்கோ," என்றாள். "நான் இன்னும் உங்களோட கோவம்தான். அதையும் விளங்கிக்கொள்ளுங்கோ. இனி என்ர ஒரு கச்சேரிக்கும் வரக்கூடாது."

7

இசைத்தட்டு போன வாரம் வெளியானது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில், டிரம்ஸுக்குக் கீழே, என் பெயரும் அதன் பக்கத்தில் மேசையும் இருக்கின்றன. ஹென்ரிக் இப்போது வேறு பாஸ்காரனை வைத்துக்கொண்டு வாசிக்கிறான். நிலானி வாரத்தில் நான்கு நாள் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள், மிச்ச நாளில் யார் கூப்பிட்டாலும் போய் வாசிக்கிறாள். எனக்குப் போட்ட தடையில் தளர்வு எதுவும் இல்லை. ரஜனி மட்டும் போய் வந்து, பிள்ளை இண்டைக்கு ரெண்டு தரம் தனிய வாசிச்சவள் என்று எனக்குக் கேட்கும்படி யாருக்கோ போனில் சொல்கிறாள்.

அந்த ஆறாவது பாட்டை மட்டும் அண்ணனுக்கு அனுப்பினேன். உன் தம்பி மகள் வாசித்தது என்று மட்டும் எழுதினேன். அனுப்பியதும் பயந்துபோய் அழிக்கப் பார்த்தேன். அதற்குள் அவன் கேட்டுவிட்டான். குரல் பதிவு வந்தது. பின்னால் படகு இன்ஜின் சத்தம்.

"டேய் ஏகா, கேட்டேன்டா. ஒண்ணியும் புரில. இன்னாடா கச்சேரி இது, ஆளாளுக்கு ஒரு பக்கம் இஸ்துக்கினு கீறானுங்க. நடுவுல உன் குரலு கேக்குது. யார்றா அது? யாரடா வலையத் தூக்கச் சொல்ற?"

ஜோக் ஒன்று தயாராகத்தான் இருந்தது. தட்டச்சு செய்து, அழித்தேன். இன்னொன்று தயார் செய்து, அதையும் அழித்தேன். பிறகு எழுதினேன்.

"உன்னத்தாண்ணா."

நீல டிக் இரண்டும் விழுந்தன. பதில் வரவில்லை. ஒரு நாள் வரவில்லை, இரண்டு நாள் வரவில்லை. போனை ஃப்ரீசரில் வைத்தால் கெட்டுப்போகும் என்று ரஜனி தடுத்தாள். மூன்றாம் நாள் வந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. ஓர் இருமல், பிறகு குரல்.

"அன்னிக்கி உன் கையத்தான்டா பாத்துக்கினு இருந்தேன். மூணு தட்டியிருந்தின்னா தூக்கியிருப்பேன். நீதான் ஒரு தட்டுகூடத் தட்டலியே, பேமானி."

அவ்வளவுதான். அதை மகளின் இரண்டு நிமிடம் பத்து விநாடியைவிட அதிகத் தடவை கேட்டிருக்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதீர்கள். உண்மை சொல்கிறானா, இத்தனை வருடம் கழித்து மறுபடியும் பழியை என் மேலேயே போடுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அவன் சொன்னதை அப்படியே, ஒரு சொல்லும் வெட்டாமல், ஒட்டாமல், இங்கே வெளியிடுகிறேன். அண்ணனிடம் ஒப்புதல் படிவம் எதுவும் வாங்கவில்லை. ஆட்சேபம் இருந்தால் மூன்று தட்டு தட்டட்டும்.